மேனேஜருக்கு ஆறு மணி கிடையாது

தி.நகரில் நான் வேலை பார்த்த துணிக்கடையின் இரண்டாவது மாடியில் ஜன்னலே கிடையாது. ஒரு காலத்தில் இருந்த ஜன்னல்களையும் பலகை அடித்து மூடி, மேலே நிலைக்கண்ணாடி ஒட்டிவிட்டார்கள். வருகிற பெண்கள் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்க வேண்டுமே. அதனால் காலையில் கடை திறக்கும்போது இருக்கிற அதே டியூப்லைட் வெளிச்சம்தான் ராத்திரி ஷட்டர் இறங்கும்போதும் இருக்கும். வெளியே பொழுது சாய்ந்ததை நான் வாடிக்கையாளர்களின் தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். மத்தியானம் வருகிறவர்கள் தலையில் காலையில் வைத்த பூ வாடித் தொங்கும். வெயில் தாழ்ந்து வருகிறவர்கள் பனகல் பார்க் பக்கம் அப்போதுதான் வாங்கிய மல்லிகையை வைத்துக்கொண்டு வருவார்கள். புதுப் பூவின் வாசனை படியேறி வந்தால் சாயங்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வாசனை வரும்போது எனக்கு என் வீட்டு வராந்தா ஞாபகம் வரும். வந்தால் லேசில் போகாது. கையில் இருக்கிற புடவையின் முந்தானையை இரண்டு தரம் தப்பாக மடித்துவிட்டு, என்னையே திட்டிக்கொள்வேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு தினுசாக மரியாதையோடு பார்ப்பார்கள். பெரிய பெரிய பங்களாக்கள் இருக்கிற இடம். கால்வாய்ப் பக்கத்து ஹவுசிங் போர்டு என்று சேர்த்துச் சொன்னதும் அந்த மரியாதை பாதியாக இறங்கிவிடும். நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன். இறங்குகிற மரியாதை சீக்கிரம் இறங்கித் தொலையட்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள், எங்கள் வீட்டுக்காரர் உட்பட.

அவருக்குப் பால் வண்டியில் வேலை. விடிவதற்கு வெகுநேரம் முன்னால் எழுந்து போய், பாக்கெட் பால் அடுக்கிய பிளாஸ்டிக் டப்புகளை வண்டியில் ஏற்றி, மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் கடை கடையாக இறக்குவார்கள். காலையில் நான் கடைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அவர் வீட்டுக்கு வருவார். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு நாளில் இருந்தது சாயங்காலம் மட்டும்தான். ஆறு மணிக்குக் கடையை விட்டு ஓடி, பட்டினப்பாக்கம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு நான் மூன்று மாடி ஏறி வரும்போது அவர் வராந்தாவில் டீயோடு நிற்பார். பிள்ளைகள் இல்லை. அது வேறு கதை, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அந்த டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். டப்பில் அடுக்கும்போது மூலையில் ஓட்டை விழுந்த பாக்கெட்டைக் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். அப்படி ஒன்றிரண்டு மிஞ்சினால் வண்டியில் இருக்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அவர் ஓட்டையில் துணி கிளிப்பை மாட்டி, பையில் நிமிர்த்தி வைத்து, சட்டையெல்லாம் நனைய அதைக் கொண்டுவருவார். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடாமல் அந்தப் பாலில் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைப்பார். "கண்ணாலத்து வூட்ல கூட இப்பிடி டீ கெடைக்காது, குடி" என்று நீட்டுவார். வராந்தாவில் நின்று குடிப்போம். கால்வாய் நாற்றம் இருக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயில் போகும். அதன் ஜன்னல்களில் அந்திச் சிவப்பு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஓடும். அவர் அன்றைக்கு எந்தக் கடைக்காரனோடு சண்டை போட்டார் என்று சொல்வார். நான் எந்த வாடிக்கையாளர் எத்தனை புடவையைப் பிரிக்க வைத்து ஒன்றும் எடுக்காமல் போனாள் என்று சொல்வேன். அவ்வளவுதான் பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட இன்றைக்கு ஞாபகம் இல்லை. டம்ளரின் சூடு மட்டும் உள்ளங்கையில் இருக்கிறது.

கடையில் அப்போது நான் புடவை எடுத்துப்போடுகிற சேல்ஸ் பெண்களில் ஒருத்தி. நீல நிற யூனிபார்ம் புடவை. ஆறு மணியோடு எங்கள் ஷிப்ட் முடியும், இரண்டாவது ஷிப்ட் பெண்கள் வந்துவிடுவார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று கூட்டம் நெரிந்தால் இருக்கச் சொல்வார்கள். இருந்தால் அந்த நேரத்துக்கு ஓட்டி, அதாவது ஓவர்டைம், உண்டு. இரட்டைச் சம்பளம் என்பதால் முதலாளி சும்மாவெல்லாம் எங்களை நிறுத்த மாட்டார். ஆறடித்தால் அவரே மேலே வந்து, "கெளம்புங்கம்மா, கெளம்புங்க, ஏன் நிக்கீக" என்று விரட்டுவார். ரொம்ப நல்ல மனிதர், எங்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்திருந்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் எங்கள் சாயங்காலத்துக்குக் காவல் நின்றது அந்த ஓட்டி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தெற்கே இருந்து சின்ன வயதில் வந்து, ரங்கநாதன் தெருவில் துண்டு விற்று, இவ்வளவு பெரிய கடையைக் கட்டியவர். ஒரு விஜயதசமி அன்றைக்கு, பூஜை முடிந்த கையோடு, எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, நீல யூனிபார்முக்குப் பதிலாக அரக்குக் கலரில் சரிகைக் கரை போட்ட புடவை, அதன் மேல் ஒரு வாக்கி டாக்கி. வாக்கி டாக்கிக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். "இன்னையிலருந்து நீதாம்மா ரெண்டாவது மாடிக்கு மேனேஜர்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிளஸ் டூ படித்துவிட்டுப் புடவை மடிக்க வந்தவள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாம்பாளத்தை வாங்கியபோது வாக்கி டாக்கி என்னவோ பேசியது, பயத்தில் கீழே போட இருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மயிலாப்பூரில் போய் இனிப்பு வாங்கி வந்து கீழ் வீட்டிலிருந்து மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கொடுத்தார். "எங்கூட்டுக்காரி மேனேஜரு. அவங்க கையில ஒயர்லெஸ் கீது, போலீஸ்காரன் மாரி" என்று பால் வாங்கும் கடைக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் என் பெயர் போய், மேனேஜரம்மா ஆனேன். பக்கத்து வீட்டு அக்கா, தினமும் என்னோடு தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போட்டவள், ஒரு வாரம் சண்டையே போடவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பையைத் தோளில் மாட்டினேன். மூன்றாவது மாடியில் ஆண்கள் ரெடிமேட் பிரிவுக்கு மேனேஜராக இருந்தவர் படியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்கக்கா கெளம்பிட்டீங்க? மேனேஜருக்கு ஆறு மணி கெடையாது" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். வாக்கி டாக்கி உடனே என்னைக் கூப்பிட்டது. கீழே அண்ணாச்சி.

"என்னம்மா, நீயே போயிட்டா மாடிய யாரு பாப்பா?"

கடை சாத்திய பிறகுதான் எங்கள் வேலையில் பாதி. பகல் முழுக்கப் பிரித்துப் போட்ட புடவைகள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே மடித்து, கலர் வாரியாக அலமாரியில் அடுக்க வேண்டும். இரண்டாவது ஷிப்ட் பெண்கள் அதற்காக இருந்தால் அவர்களுக்கு ஓட்டி. அதனால் அவர்களை நேரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மேனேஜருக்கு ஓட்டி கிடையாது. மேனேஜர் என்றால் நிர்வாகம், நிர்வாகத்துக்கு நேரக் கணக்கு பொருந்தாது, சட்டமே அப்படித்தான் என்று அலுவலக அறையில் சொன்னார்கள். ஆக, பெண்கள் போன பிறகு நிர்வாகம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை மடித்தது.

நிர்வாகத்தின் மற்ற அதிகாரங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போ என்று நான் சொல்ல முடியாது; வாக்கி டாக்கியில் கேட்டுச் சொல்ல வேண்டும். கறை பட்ட புடவையில் ஐம்பது ரூபாய் குறைக்க வேண்டும் என்றாலும் கேட்டுச் சொல்ல வேண்டும். ஏசியைக் கூட்டிக் குறைக்கக்கூடக் கேட்க வேண்டும். கேட்காமல் நானே செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, எல்லாரும் போன பிறகு விளக்கை அணைப்பது.

ஒருமுறை அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டேன். சொன்னேனே, வாய் நீளம். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "நானுந்தானம்மா சாத்துற வரைக்கும் இங்கனயே கெடக்கேன். எனக்கு எவன் ஓட்டி தாரான்?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? கடை உங்களுடையது அண்ணாச்சி, சாயங்காலம் என்னுடையது என்று பஸ்ஸில் போகும்போதுதான் பதில் தோன்றியது. பதில்கள் எனக்கு எப்போதும் பஸ்ஸில்தான் தோன்றும்.

வீட்டுக்கு வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பிளாஸ்கில் டீ இருக்கும். ஆடை படிந்து, இஞ்சி காறி, வெதுவெதுப்பாக. அதைச் சமையலறையில் நின்றபடி குடித்துவிட்டு அவர் பக்கத்தில் படுத்தால் அடித்துப்போட்டது மாதிரி தூங்கிவிடுவேன். அவர் எப்போது எழுந்து போனார் என்று தெரியாது. காலையில் அவருக்கு உப்புமாவோ இட்லியோ மூடி வைத்துவிட்டுக் கிளம்புவேன். என் வார விடுமுறை நாளில் சாயங்காலம் சேர்ந்து இருப்போம். ஆனால் அந்த ஒரு நாளிலும் கேஸ் சிலிண்டர், ரேஷன், ஒழுகுகிற குழாய் என்று பேசியே நேரம் போய்விடும். அரட்டை அடிக்கத் தினமும் பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அடித்தால் அது மீட்டிங் ஆகிவிடுகிறது.

காலையில் சில நாள் மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் நான் நிற்கும்போது அவருடைய வண்டி காலி டப்புகளோடு எதிரே திரும்பிப் போகும். அவர் பின்னால் நின்றுகொண்டு வண்டித் தகரத்தைத் தட்டி, "மேனேஜரம்மா!" என்று கத்துவார். ஸ்டாப்பில் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். வண்டி போன பிறகு நிமிர்ந்து அது திரும்பும் வரைக்கும் பார்ப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம், புதுப் பூ வாசனை வந்து கொஞ்ச நேரம் இருக்கும். கல்யாணக் கூட்டம் ஒன்று புடவைகளைக் குவித்துக்கொண்டிருந்தது. படியில் ஒரு ஆள் ஏறி வந்தார். குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, பொங்கலுக்கு எடுத்த கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி பண்ணிப் போட்டுக்கொண்டு. எங்கள் வீட்டுக்காரர். வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன். அவர் நேராக வந்து வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வூட்டுக்காரிக்குப் பொடவ பார்க்கணும்" என்றார். "நல்லதா காட்டுங்க."

"யோவ், இன்னாத்துக்கு வந்த?" என்று நான் உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

"டீ குடிக்கத்தான். வூட்ல தனியா குடிச்சா நல்லாவே இல்ல."

பட்டுப் பிரிவுக்கு வருகிறவர்களுக்குக் கடையில் காகிதக் கப்பில் காபி கொடுப்பார்கள். வாங்கிக் கொடுத்தேன். மேனேஜர் குடிக்கக்கூடாது, அதனால் அவர் மட்டும் குடித்தார். "த்தூ, தண்ணி" என்று முகத்தைச் சுளித்தார். நான் ஒவ்வொரு புடவையாகப் பிரித்தேன். "அந்தப் பச்ச எப்டி கீது? அந்த மேல் தட்டுல இருக்கறது?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். புடவையைப் பார்க்கவே இல்லை. நான் பிரித்துப் போட்டு, அவர் முன்னால் குனிந்து, பாலுக்குக் கிளிப் போட்டாயா, மாடித் தண்ணீர் வந்ததா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் "ஆங், ஜரிகை சோக்கா கீது" என்று உரக்கப் பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணக் கூட்டத்துப் பெரியவர் ஒருவர், "வொய்ஃப் மேல ரொம்பப் பிரியம் போல" என்றார். "இருக்காதா பின்ன" என்றார் இவர்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. நிமிர்ந்தால், கப்பைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து விழப்போய், திடுக்கென்று விழித்து, "அந்த ஊதாவ எடுங்க" என்றார். இன்னும் எட்டுகூட ஆகவில்லையே, அதற்குள் இப்படி ஒரு தூக்கமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. போய்ப் படுய்யா என்று அனுப்பி வைத்தேன். படி இறங்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் வாக்கி டாக்கியைக் காதில் வைத்திருந்தேன்.

அண்ணாச்சி அதில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கட்டம் போட்ட சட்ட இத்தன பொடவையப் பிரிக்க வச்சிட்டு வெறுங்கையோட போறானே, ஏம்மா விட்ட?" கேமராவில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அந்தப் புடவைகள் அத்தனையையும் நானே மடித்தேன். ஒவ்வொன்றையும் மடிக்கும்போது சிரித்தேன், கடைசி இரண்டு மூன்றை மடிக்கும்போது அழுதேன். வேறு யாரும் இல்லை, அதனால் தாராளமாக அழுதேன்.

இதற்குள் மூன்றாவது மாடி மேனேஜருக்கும் கடைக்கும் தகராறு வந்தது. அவர் அம்மாவை ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டார். மேனேஜரே போனால் எப்படி என்று அதே பாட்டு. அவர் வாக்கி டாக்கியை மேசையில் வைத்துவிட்டு நேராகத் தொழிலாளர் துறை ஆபீசுக்குப் போய், எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் என்று பேர் வைத்துவிட்டால் மட்டும் ஒருவர் நிர்வாகம் ஆகிவிடுவாரா, அவர் செய்கிற வேலை என்ன என்று பாருங்கள், மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் நேரத்துக்கு ஒரு எல்லை வேண்டும் என்பது அவர் கேட்டது. கடையில் எல்லா மாடி மேனேஜர்களையும் விசாரிக்க ஒரு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். மிரட்டவில்லை. "நீ மேனேஜர் இல்லேன்னு சொல்லிட்டா, பொறவு நான் எப்பிடிம்மா ஒன்ன மேனேஜரா வச்சுக்கிட முடியும்? யோசிச்சுக்க" என்றார். நியாயம்தான். மேனேஜர் என்று சொன்னால் அரக்குப் புடவை இருக்கும். இல்லை என்று சொன்னால் சாயங்காலம் கிடைக்கும். எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பேர் எனக்கு மட்டும் சொந்தமில்லையே. ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டாமா? கேட்க எங்களுக்கு ஏது நேரம்? நான் வரும்போது அவர் தூக்கம், அவர் வரும்போது நான் கடையில். எழுப்பிக் கேட்கலாம் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தபடி அப்படி ஒரு தூக்கம். மனசு வரவில்லை.

அதிகாரி வருகிற அன்று காலை பஸ் ஸ்டாப்பில் பால் வண்டி எதிரே வந்தது. நான் ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் ஆட்டினேன், நிறுத்தச் சொல்லி. சிக்னல் பச்சை விழுந்துவிட்டது. நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவருக்கு ஒரே சந்தோஷம். தகரத்தைத் தட்டோ தட்டென்று தட்டி, "மேனேஜரம்மா!" என்று கத்திக்கொண்டே போய்விட்டார்.

விசாரிக்க வந்த அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடி போட்டு, களைப்பாக இருந்தார். அலுவலக அறையில் அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார். அதிகாரி நேராகக் கேட்டார்.

"உங்களால ஒருத்தருக்கு லீவு கொடுக்க முடியுமாம்மா?"

"கேட்டுச் சொல்லணும் மேடம்."

"ஆள் எடுக்கவோ நிறுத்தவோ?"

"முடியாது மேடம்."

"விலை குறைக்க?"

"கேட்டுச் சொல்லணும்."

"அப்ப உங்களுக்கு என்னதான் அதிகாரம்?"

"எல்லாருக்கும் கடைசியா வீட்டுக்குப் போற அதிகாரம் மேடம்" என்றேன். இந்த ஒரு பதில் மட்டும் பஸ் வரைக்கும் காத்திருக்காமல் அங்கேயே வந்துவிட்டது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். அவர் நல்ல மனிதர் என்று முன்னாலேயே சொன்னேன்.

கொஞ்ச காலம் இழுத்தது. கடைசியில் பேருக்கு மேனேஜராக இருக்கும் எங்களுக்கும் மற்றவர்கள் மாதிரியே நேர வரையறை உண்டு, அதற்கு மேல் நிறுத்தினால் ஓட்டி கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அண்ணாச்சி வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டார். அரக்குப் புடவையை நீயே வைத்துக்கொள் என்றார். மறுநாள் நீலப் புடவையில் போய் நின்றேன். ஆறடித்ததும் அண்ணாச்சி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். "கெளம்பும்மா, கெளம்பு, ஏன் நிக்க" என்று விரட்டினார். அந்த விரட்டலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அவர் காலில் விழலாம் போலிருந்தது.

வெளியே வந்தால் வெளிச்சம் இருந்தது. இவ்வளவு வெளிச்சத்தை ஆறு மணிக்குமேல் வைத்திருக்கிறார்களா என்று தோன்றியது. பாண்டி பஜாரில் நடைபாதை பெஞ்சுகளில் எல்லாம் ஆட்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லாரையும் பிடித்திருந்தது. புதுசாகக் கட்டிய மல்லிகை ஒரு முழம் வாங்கி, என் தலையில் நானே வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேனேஜர் பேர் போன விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஆழ்வார்பேட்டை தாண்டும் வரைக்கும் வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம், போகட்டும், முதலில் டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

வராந்தாவில் அவர் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கியிருந்தார். அந்த இருட்டில் அவர் படுத்து, நல்ல தூக்கத்தில் இருந்தார். அடுப்பு மேடையில் பிளாஸ்க், அதில் என் டீ.

உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டேன். விழித்துக்கொண்டார். "மணி எத்தினி?" என்றார்.

"ஏழாகப்போவுது."

"காலைலயா?"

"சாயங்காலம்."

எழுந்து உட்கார்ந்தார். "நீ இன்னா இந்நேரத்துக்கு இங்க கீற? கடை லீவா?"

மேனேஜர் பேர் போய்விட்டது, இனிமேல் தினமும் இந்த நேரத்துக்கு வந்துவிடுவேன் என்றேன். அவர் என் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ" என்றார். மேனேஜர் பேர் போனதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விஷயம் அது இல்லை. பால் வண்டிக் காண்டிராக்டர் அவரை ரூட் சூப்பர்வைசர் ஆக்கி வெகுநாள் ஆகியிருந்தது. எல்லா வண்டிக்கும் டப் சரியாக ஏறுகிறதா என்று முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் என்பதால் கூடுதல் நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. நடுராத்திரிக்கு முன்னால் கிளம்பினால்தான் முடியும். அதனால் ஐந்தரைக்கே படுத்துவிடுவாராம். நான் திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் தூக்கம் பாக்கி இருக்கும். நான் தூங்கிய கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவார். அடித்துப்போட்டது மாதிரி தூங்கியவளுக்கு என்ன தெரியும்? என் விடுமுறை நாட்களில் கண்ணைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறார். கட்டம் போட்ட சட்டையோடு கடைக்கு வந்ததும் தூக்கத்தை விட்டுத்தான்.

"ஏன்யா சொல்லல?" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீ மேனேஜர் ஆனப்போ ஊருக்கே சுவீட்டு குடுத்தேன். அப்பால பார்த்தா நீ வூட்டுக்கே வரல" என்றார். "எனக்குக் குடுத்தப்போ நான் யாராண்டயும் சொல்லல. வேணாம்னு சொன்னா காண்டிராக்டரு வண்டிய வுட்டே எறக்கிடுவான்."

டீ வைக்கிறேன் என்று எழுந்தார். வேண்டாம், படு என்றேன். தூங்க மாட்டேன், நீ வந்திருக்க, நான் தூங்குவேனா என்று சண்டை பிடித்தார். வராந்தாவுக்கு வந்து நின்றார். ரயில் போயிற்று. கடையில் என்ன நடந்தது, சொல்லு சொல்லு என்றார். நான் அதிகாரியிடம் சொன்ன பதிலுக்கு வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன்.

அந்த அதிகாரியைத் தேடிப் போய் இவர் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைகளுக்கு வேறு சட்டம், காண்டிராக்ட் வண்டிகளுக்கு வேறு, அதைப் பார்க்கிற அதிகாரிகளும் வேறு என்றார். சூப்பர்வைசர் என்று பேர் மட்டும் இருக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம், அப்படி ஒரு சட்டம் வரும் என்றார். வரட்டும். அவர் சொன்ன இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வண்டியை விட்டு இறக்கினால் இறக்கட்டும் என்று இவரும் கையெழுத்துப் போட்டார். இன்னும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.

இப்போது தினமும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அவர் இஞ்சி தட்டி வைத்துவிட்டுப் படுத்திருப்பார். டீயை நானே வைத்துக்கொள்கிறேன், பாலில் தண்ணீர் விடாமல். வராந்தாவில் நின்று குடிக்கிறேன். கடையில் நடந்ததையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கையை வைக்கிறேன். எழுப்பத்தான் வைக்கிறேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்துவிடுகிறேன்.